கொக்கு கழுதையான கதை

ஒரு ஊர்ல ஒரு மேனேஜர் ஸ்டூல் மேல ஏறி நின்னு எறும்புக் கதை படிச்சுக்கிட்டிருக்காரு. கீழே இருபது பொம்பளைக கையைக் கட்டிக்கிட்டுக் கேக்கறாங்க. கதையில எறும்பு ஒரு பொரியைத் தலையில வச்சுக்கிட்டுக் கல்யாண மண்டபத்தைக் கடக்குது. குடுகுடு குடுகுடுன்னு போகுது. பந்தியில சாம்பார் சிந்துது, எறும்பு நிக்கல. நாயனக்காரர் காலைத் தூக்கி வைக்கறாரு, எறும்பு நிக்கல.

— அத்தை, மேனேஜர்னா ராஜாவா?

ராஜா இல்ல. ராஜாவுக்கு மேல ஆள் கிடையாது. இவருக்கு மேல முதலாளி உண்டு. அதனாலதான் இவருக்கு ஸ்டூல் தேவைப்பட்டுச்சு. நீ கண்ணை மூடு மருமகளே. காய்ச்சல் மாத்திரை போட்டா தூங்கணும். வெயில் தாழ எழுப்பி விடறேன்.

— ம்.

அது ஒரு அச்சாபீஸு. சின்னப் பிள்ளைக படிக்கற கதைப் புஸ்தகம் அங்க அடிச்சு, அங்கயே கட்டுவாங்க. ஒரு புஸ்தகத்துக்கு மூணு ஃபாரம். ஃபாரம்னா மடிச்ச தாள், ஒண்ணுல பதினாறு பக்கம். மேசையில மூணு குவியல் இருக்கும். முதக் குவியல்ல ஒண்ணு, ரெண்டாம் குவியல்ல ஒண்ணு, மூணாம் குவியல்ல ஒண்ணு எடுத்துச் சேர்த்தா ஒரு புஸ்தகம். சரக், சரக், சரக். அவ்வளவுதான் வேலை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சரக், சரக், சரக்.

மேனேஜர் பேரு சுதர்சனம். சார் அப்பதான் ஒரு பெரிய ஹோட்டல்ல மூணு நாள் ஏசியில உட்கார்ந்து பயிற்சி எடுத்துட்டு வந்திருந்தாரு. அங்க ஒருத்தர், தலைவன் ஆகறதுக்கு வேண்டிய பாடமெல்லாம் குழந்தைகள் புஸ்தகத்துலயே இருக்குன்னு சொல்லியிருக்காரு. சாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அதுதானே நம்ம ஆபீஸுல மூட்டை மூட்டையா கிடக்குன்னு நினைச்சாரு. அது வரைக்கும் அதுல ஒண்ணையும் அவரு பிரிச்சுப் பார்த்தது கிடையாது. வந்ததும் உத்தரவு போட்டாரு. திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு, மிஷின் ஓட்டறதுக்கு முன்னாடி, கால் மணி நேரம் கதை.

அப்போ, எறும்பு போய்க்கிட்டே இருக்கு. சார் புஸ்தகத்தை டப்புன்னு மூடினாரு.

"எறும்பு எங்கயாவது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?" அப்படின்னாரு.

யாரும் பார்த்தது இல்ல.

அந்தக் கூட்டத்துல வேலுத்தாய்னு ஒருத்தி. ஒன்பது வருஷமா அந்த மேசையில ஃபாரம் எடுக்கறவ. முட்டி கொஞ்சம் மோசம். வாய் அதைவிட மோசம். அவ சொன்னா, "எறும்புக்கு ஆறு கால் சார்."

சார் கோவிச்சுக்கல. பயிற்சியில கோவிச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. "நல்ல பாயிண்ட் வேலுத்தாய். அப்போ ரெண்டு கால் இருக்கறவங்க மூணு மடங்கு முயற்சி செய்யணும்."

அப்புறம் என்ன, தடதடதடன்னு ஸ்டூலையெல்லாம் இழுத்துட்டுப் போய் குடோன்ல போட்டுப் பூட்டினாங்க. ஒரே ஒரு ஸ்டூல் மட்டும் மிஞ்சுச்சு. அது சார் ஏறி நிக்கறதுக்கு.

— எறும்பு வீட்டுக்குப் போச்சா?

போச்சு. மூணாம் ஃபாரத்துல வீட்டுக்குப் போய், பொரியைத் தலைக்கு வச்சு மல்லாந்து படுத்துத் தூங்கும். ஆறு காலும் மேல நிக்கும், அழகான படம். சார் அது வரைக்கும் படிக்கல. கால் மணி நேரம் ஆயிருச்சுல்ல.

— ம்.

அடுத்த திங்கக்கிழமை ஒட்டகம். ஒட்டகம் சந்தைக்குப் போகுது. தஸ்ஸு புஸ்ஸுன்னு மணல்ல நடக்குது. வழியில ஒரு கிணறு வருது, வேண்டாம்னு சொல்லுது. இன்னொரு கிணறு வருது, வேண்டாம்னு சொல்லுது. சார் புஸ்தகத்தை மூடினாரு. டப்.

"ஒட்டகம் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி குடிக்குது. நமக்குப் பத்தரைக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ. யோசிங்க."

யோசிக்கறதுக்கு என்ன இருக்கு. நாலு மணி டீ போச்சு.

வேலுத்தாய் கேட்டா, "ஒட்டகம் ஒரு தடவை வாயை வச்சா நூறு லிட்டர் குடிக்குமாமே சார்?"

"அது வேற டாபிக்."

"சார் ரூமுக்குப் போற டீயும் நின்னுருமா சார்?"

"தலைவன் எப்பவும் தெளிவா இருக்கணும் வேலுத்தாய். அது பயிற்சியிலயே வருது."

மூணாம் ஃபாரத்துல அந்த ஒட்டகம் ஒரு குளத்தையே குடிச்சுட்டு ஏப்பம் விடும். ஏவ்வ்வ்னு அரைப் பக்கத்துக்கு எழுத்து இருக்கும். அதையும் சார் படிக்கல. அப்பதான் வேலுத்தாய் ஒரு வார்த்தை சொன்னா. சும்மா இருந்திருக்கலாம். சொல்லிட்டா.

"சார், எப்பவும் ரெண்டு ஃபாரத்தோட நிறுத்திடறீங்க. அடுத்த தடவை மூணாம் ஃபாரத்தையும் படிங்க சார். எங்களுக்கும் முடிவு தெரியணும்ல."

பொம்பளைக வாயைப் பொத்திக்கிட்டாங்க. சார் டைரியில குறிச்சுக்கிட்டாரு.

— தண்ணி வேணும் அத்தை.

இந்தா. ஒரு மடக்கு போதும், இல்லன்னா உவ்வேன்னு வந்துரும். படு. எங்க விட்டேன்? ம், ஸ்டூல் போன இடம். ஸ்டூல் இல்லாததால மேசையைச் சுத்தி இடம் கிடைச்சுச்சு. இடம் கிடைச்சா சார் சும்மா விடுவாரா? எப்பவும் ஒரு மேசையில ஒரு கதைதான் போடுவாங்க. அதை முடிச்சு, மேசையைத் துடைச்சுட்டுத்தான் அடுத்த கதை. அதுதான் பைண்டிங் ஆபீஸுல வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான். சார் வழக்கத்தை எடுத்துட்டாரு. "ரெண்டு ரெண்டு கதையா ஒரே மேசையில போடுங்க. நடந்துக்கிட்டே எடுங்க. எறும்பு மாதிரி."

மூணு குவியல் இருந்த மேசையில ஆறு குவியல் ஆச்சு. ஒரு கதை கொக்குக் கதை, இன்னொண்ணு கழுதைக் கதை. ரெண்டுக்கும் ஒரே தாள், ஒரே அளவு, ஒரே பக்க எண்ணிக்கை. கொக்கோட மூணாம் ஃபாரமும் முப்பத்தி மூணாம் பக்கத்துல ஆரம்பிக்குது, கழுதையோட மூணாம் ஃபாரமும் முப்பத்தி மூணாம் பக்கத்துல ஆரம்பிக்குது. பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

அன்னிக்கு சனிக்கிழமை. மணி நாலு. முந்தியெல்லாம் அந்த நேரத்துக்கு ஒரு டீ வரும், ஸ்டூல் இருக்கும். அஞ்சு நிமிஷம் காலை ஆட்டிக்கிட்டு உட்காரலாம். இப்போ ரெண்டும் இல்ல. வேலுத்தாய்க்கு முட்டி உரல் மாதிரி வீங்கிப் போச்சு. சரக், சரக், ஒரு எட்டு தள்ளிப் போயிட்டா, சரக். அந்த ஒரு எட்டுத் தப்பு. கொக்கு ஒண்ணு, கொக்கு ரெண்டு, கழுதை மூணு. சாயங்காலம் மணி அடிக்கற வரைக்கும் அப்படியே போச்சு. ஐம்பது புஸ்தகம் ஒரு கட்டு. அப்படி மூணு கட்டு.

ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்ல அதைத் தைச்சு, அட்டை போட்டு, வெட்டிக் கட்டினாங்க. கட்டுக்குள்ள எடுத்தவளோட நம்பர் போட்ட சீட்டை வச்சுத்தான் சணல் கட்டணும். அதுவும் வழக்கம். நாளைக்கு ஏதாவது தப்புன்னா யாரு கைன்னு தெரியணுமாம். வேலுத்தாய் நம்பர் ஏழு. மூணு கட்டுக்குள்ளயும் ஏழு, ஏழு, ஏழு.

— மாட்டிக்கிட்டாளா?

பொறு. தூங்குவேன்னு பார்த்தா முழிச்சுக்கிட்டு வர்ற.

திங்கக்கிழமை காலையில அவளுக்கே தெரிஞ்சு போச்சு. கொக்கு மூணாம் ஃபாரம் ஒரு குவியல் மிச்சம் நின்னுச்சு. மிச்சம் நிக்கக் கூடாதே. சொல்லிடலாம்னு திரும்பினா, சார் ஏற்கனவே ஸ்டூல் மேல ஏறிட்டாரு. கையில ஒரு புஸ்தகம். எங்கருந்து எடுத்தாரு? அந்த மூணு கட்டுப் பக்கத்துல, கட்டுல சேராம வெட்டு சரியான்னு பார்க்க வச்சிருந்த ஒண்ணு.

"இன்னிக்கு முழுசாப் படிக்கறேன்," அப்படின்னாரு.

கதை என்னன்னா, குளம் வத்திப் போகுது. மீனெல்லாம் பயந்துக்கிட்டிருக்கு. ஒரு கொக்கு சொல்லுது, மழை வர்ற வரைக்கும் நான் ஒத்தக்கால்ல நின்னு வானத்தைப் பார்க்கறேன், நீங்க நிம்மதியா இருங்கன்னு. நிக்குது, நிக்குது. சாரும் ஸ்டூல் மேல ஒத்தக்கால்ல நின்னுதான் படிக்கறாரு. லொடக் லொடக்னு ஸ்டூல் ஆடுது. முப்பத்தி ரெண்டாம் பக்கம் வந்தாச்சு. "மேகம் கறுத்தது. கொக்கு மெல்லத் தலையைத் தூக்கியது. அங்கே..."

பக்கத்தைத் திருப்பினாரு.

"கழுதை மாலையும் கழுத்துமாக வண்டியில் உட்கார்ந்திருந்தது. வளையல் வியாபாரி வண்டியை இழுத்துக்கொண்டு போனான். ஊரே கைதட்டியது."

சார் நிறுத்தினாரு. தூக்கின காலைக் கீழே வச்சாரு. பின்னாடி ஒரு பக்கம் திருப்பினாரு, முன்னாடி ஒரு பக்கம் திருப்பினாரு. பக்க நம்பர் சரியாத்தான் இருக்கு. இருபது பொம்பளைகளுக்கும் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. எங்கயோ ஒரு 'க்ளுக்' மட்டும் கேட்டுச்சு.

"ஆகா," அப்படின்னாரு சார். "கொக்கு கழுதையாயிருச்சு."

— போங்க அத்தை. கொக்கு எப்படிக் கழுதையாகும்?

உனக்குத் தெரியுது. உனக்கு ஏழு வயசு. சாரு அதைவிடப் பெரிய படிப்பு. "எவ்வளவு ஆழமான கதை பாருங்க. தலைவன் முதல்ல ஒத்தக்கால்ல நிக்கறான், எல்லாரும் பார்க்கறாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல தன்னையே மாத்திக்கறான். வண்டியில உட்கார்ந்துடறான், மத்தவங்க இழுக்கறாங்க. இழுக்கறவங்களும் கைதட்டறாங்க. இதுதான் மாற்றம்."

பொம்பளைக கைதட்டினாங்க. என்ன செய்யறது, கதையிலயே ஊரு கைதட்டுதே.

அப்போ வேலுத்தாய் கிட்டக்க போய், "சார், அந்தப் புஸ்தகத்துல ஒரு..." அப்படின்னு ஆரம்பிச்சா. நிஜமாத்தான் சொல்லப் போனா.

சார் அவ தோளுக்கு நேரா கையைக் காட்டி நிறுத்தினாரு. "புரியலைன்னா பரவாயில்ல வேலுத்தாய். முதல் தடவையே எல்லாருக்கும் புரியாது."

அவ வாயை மூடிக்கிட்டு மேசைக்குப் போயிட்டா.

சாயங்காலம் பெயின்டரைக் கூட்டிட்டு வந்து, மேசைக்கு எதிர்ச் சுவத்துல நீலக் கலர்ல எழுத வச்சாரு. ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் சைஸு. 'கொக்காய்த் தொடங்கு, கழுதையாய் முடி.' அதைப் போட்டோ எடுத்துப் பயிற்சிக்காரருக்கு அனுப்பினாரு. அவரு பிரமாதம்னு பதில் போட்டாராம். அதையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்துல ஒட்டினாரு. மூணு கட்டும் மத்த கட்டோட லாரியில ஏறிப் போயிருச்சு.

— அப்புறம்?

அப்புறம் பத்து நாள் கழிச்சு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்னுச்சு. குணசீலன் அண்ணாச்சி இறங்கினாக. அவுகதான் முதலாளி. மூணு கட்டையும் மேசை மேல தூக்கி வச்சாக. டொம். டொம். டொம்.

"இது எவ கை?" அப்படின்னாக.

கேட்டுட்டு அவுகளே மேல சொன்னாக.

"ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வாசிச்சுக் காட்டியிருக்கு. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக மூணு, கொக்கு எங்கன்னு கேட்டு அழுதிருக்குதுக. பதிப்பாளர் மூணு கட்டையும் பிரிச்சுப் பார்த்து, அப்படியே திருப்பிக் கட்டி அனுப்பிட்டு, எனக்கு போன் போட்டு, இனிமே வேலை குடுக்கணுமான்னு யோசிக்கறேங்கறாரு. பிள்ளைக கண்டுபிடிச்சதை இங்க நாப்பது கண்ணும் பார்க்கல." சொல்லிக்கிட்டே சணல் முடிச்சுல விரலை விட்டாக. "உள்ள சீட்டு இருக்கும். எந்த நம்பரோ, அந்த நம்பர் நாளையில இருந்து வர வேண்டாம்."

வேலுத்தாய் வீட்டுல சம்பாதிக்கறது அவ ஒருத்திதான். மாமியாரு படுக்கையில, மக பத்தாங்கிளாஸு. இருபது பேரும் அவளைப் பார்க்காம இருக்கறதுக்காகத் தரையைப் பார்த்தாங்க. முடிச்சு இளகுது. கிர்ர்ர்.

அப்போ வேலுத்தாயே பேசினா.

"அண்ணாச்சி, சீட்டைப் பார்க்கறதுக்கு முந்தி ஒண்ணு. அது தப்புத்தானான்னு சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. தப்புன்னு சார் சொல்லிட்டா, சீட்டே வேண்டாம், எடுத்தவ யாருன்னு நானே சொல்றேன்."

"தப்பில்லாம? கொக்கு வர்ற இடத்துல கழுதை வருது."

"அதைத்தான் அண்ணாச்சி சார் எங்களுக்குப் பாடமா எடுத்தாரு. அந்தா சுவத்துல இருக்கு."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தாக. அவுக அஞ்சாங்கிளாஸோட நிறுத்தினவுக. எழுத்தெழுத்தா வாசிச்சாக. "கொக்காய்த்... தொடங்கு. கழுதையாய்... முடி." வாசிச்சுட்டுச் சாரைப் பார்த்தாக. சாருக்குக் காதெல்லாம் சிவந்து போச்சு.

"தம்பி, கொக்கு கழுதையாகுமா?"

"அது ஒரு உருவகம் அண்ணாச்சி."

"கதையில அப்படி எழுதியிருக்கா, இல்ல நம்ம பைண்டிங்ல வந்ததா?"

சார் மிச்சம் நின்ன ஃபாரக் குவியலைப் பார்த்தாரு. சுவத்தைப் பார்த்தாரு. பயிற்சிக்காரரோட பிரமாதத்தைப் பார்த்தாரு. அந்த நிமிஷத்துலதான் அவருக்குப் புரிஞ்சிருக்கணும். தப்புன்னா எடுத்தவ வீட்டுக்குப் போவா. ஆனா சுவத்துல இருக்கற கழுதை அவரு கழுதை. அது எங்க போகும்?

"கேக்கறேன்ல தம்பி. முடிச்சை உருவவா, வேண்டாமா?"

"வேண்டாம் அண்ணாச்சி," அப்படின்னாரு சார். "புஸ்தகம் சரியாத்தான் இருக்கு."

அண்ணாச்சி நாலு விரலை மடக்கி எண்ணினாக.

"அப்போ கொக்கு கொக்காவே முடியுற நாலாயிரத்துச் சொச்சம் புஸ்தகம் போயிருக்கே. அது?"

"அது பேசிக் வெர்ஷன் அண்ணாச்சி. இது அட்வான்ஸ்டு."

அண்ணாச்சி விரலை முடிச்சுல இருந்து எடுத்தாக. அவுகளா முட்டாளு? முப்பது வருஷம் மை நாத்தத்துல நின்னவுக. மிச்சம் நின்ன குவியலை அவுகளும் பார்த்தாச்சு. வேலுத்தாயைப் பார்த்தாக, அவ முட்டியைப் பார்த்தாக, ஸ்டூல் இல்லாத இடத்தைப் பார்த்தாக. எல்லாத்தையும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமத்தான் இருந்தாக. முதலாளி ஆச்சே. சொன்னா ஸ்டூலைப் பூட்டின குடோனுக்குச் சாவி தேடணும், புதுசா ஒரு மேனேஜரும் தேடணும்.

"சரி. பதிப்பாளருக்குப் பேசிக்ல நூத்தம்பது கட்டி அனுப்புங்க. இந்த அட்வான்ஸ்டு மூணு கட்டும் இங்கயே கிடக்கட்டும். வெளிய போகக் கூடாது. எடைக்கும் போடக் கூடாது. தம்பி பாடம் எடுக்கறதுக்கு ஆகும்."

அப்படிச் சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிப் போயிட்டாக.

— வேலை போகலியா?

போகல.

— கொக்கு நிஜமா என்ன ஆச்சு?

நிஜ மூணாம் ஃபாரத்துல மழை வந்துரும். மீனெல்லாம் துள்ளும், சளப் சளப்னு. கொக்கு, அப்பாடா கால் வலிக்குதுன்னு சொல்லிட்டுத் தண்ணிக்குள்ள உட்கார்ந்துரும். அவ்வளவுதான் அது. ஒரு பெரிய விஷயமும் இல்ல.

— இந்தக் கதைக்கு நீதி என்ன அத்தை?

நீதி எடுக்கறது சாரோட வேலை. அதுக்கு அவருக்குச் சம்பளம் தர்றாங்க, நான் எதுக்குச் சும்மா செய்யணும். கதைக்கு அட்டை போட்டாச்சு, ஓரம் வெட்டியாச்சு, சணல் கட்டியாச்சு. கண்ணை மூடு.

— அடுத்த திங்கக்கிழமை கதை படிச்சாரா?

படிக்காம? ஒன்பது மணிக்கு ஸ்டூல் மேல ஏறிட்டாரு. இந்தத் தடவை ஆந்தை. ஆந்தை ராத்திரியெல்லாம் தூங்காம முழிச்சிருக்குன்னு படிக்கறாரு. பொம்பளைக கையைக் கட்டிக்கிட்டுக் கேக்கறாங்க.

— ம்...

வேலுத்தாய் மட்டும் குனிஞ்சு, மேசைக்கு அடியில கிடந்த அட்வான்ஸ்டு கட்டு ஒண்ணை இழுத்தா. அது மேல இன்னொண்ணை வச்சா. அது மேல இன்னொண்ணு. சணல் முடிச்சைத் திருப்பி அடிப்பக்கம் விட்டா. சேலையைச் சேர்த்துக்கிட்டு அது மேல உட்கார்ந்து, முதக் குவியலுக்குக் கையை நீட்டினா.